பக்கத்துக் கட்டில் ஊசி

“தொரை கேட்டாலும் டொக்டர் கேட்டாலும் மொதல்ல ஆமாங்கன்னு சொல்லிரு. அப்புறமா...”

தம்பையாவின் அப்பா அடிக்கடி சொன்னது. அப்புறமா என்ன செய்வதென்பதுதான் தம்பையாவுக்கு ஞாபகம் வரவில்லை.

மனைவி தனலெட்சுமி விடியற்காலையில் செத்துப்போனாள். மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது கால் புண்ணுக்கு. நேற்று மாலை பார்க்கப் போனபோது, “வயித்துல ஊசி போட்டாங்க” என்றாள்.

கால் புண்ணுக்கு வயிற்றில் எதற்கு ஊசி? அதைக் கேட்கத்தான் டொக்டரின் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார்.

மூடிய கதவுக்குள்ளே விசாரணை.

“பேர் கேட்டீரோ?” என்றார் டொக்டர் ஆரூரன்.

“கேட்டேன் டொக்டர்” என்றாள் தாதி சுலோஜனா. “‘நீங்கதானே மாரியாயி?’ன்னு கேட்டேன். ஆமாங்கன்னாங்க.”

“அவ தனலெட்சுமி. சீனி வருத்தம் பக்கத்துக் கட்டில் மாரியாயிக்கு. இன்சுலின் ஊசி அவவுக்கு எழுதினது.”

“ஆமாங்கன்னு சொன்னாங்களே...”

“சொல்லுவினம். வெள்ளை உடுப்பைக் கண்டா தோட்டத்துச் சனம் எதுக்கும் ஆமாங்கதான். நீதான் தோட்டத்துத் துரையோ எண்டு கேட்டுப் பாரும், அதுக்கும் ஆமாங்க எண்டுங்கள். எத்தினை தரம் படிப்பிச்சனான்? ‘உங்கட பேர் என்ன?’ எண்டு கேக்கவேணும். அவையள் வாய் திறந்து சொல்லவேணும். அந்த ஆமாங்கவை நம்புறதும் கண்ணை மூடிக்கொண்டு ஊசி ஏத்துறதும் ஒண்டுதான்.”

சுலோஜனா கதவைப் பார்த்தாள்.

“அவங்க வீட்டுக்காரர் வெளிய இருக்காரு. நானே உண்மையச் சொல்லிர்றேன் டொக்டர்.”

“நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம். ஆளை வரச்சொல்லும்.”

வெளியே வந்து கூப்பிட்டாள். தம்பையா எழுந்தார்.

“மிஸ்ஸி, டொக்டர்கிட்ட ஒண்ணு கேக்கணும்ங்க. கேக்கலாங்களா?”

“கேளுங்கய்யா. கட்டாயம் கேளுங்க.”

நாற்காலியைக் காட்டியும் தம்பையா உட்காரவில்லை. டொக்டரின் குரல் இப்போது தணிந்திருந்தது.

“உங்கட மனுசிக்கு உடம்பில சீனி திடீரெண்டு இறங்கிப்போச்சு ஐயா. சில பேருக்கு அப்பிடி வாறதுதான். நாங்கள் ஏலுமானதெல்லாம் செய்தனாங்கள். விளங்குதே?”

தம்பையா வாயைத் திறந்தார். வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்.

“ஆமாங்க.”

“அப்ப, எங்களில உங்களுக்குக் குறை ஒண்டும் இல்லைத்தானே?”

கதவோரம் நின்ற சுலோஜனா தலை நிமிர்ந்து டொக்டரைப் பார்த்தாள்.

“ஆமாங்க.”

குடும்பத்தாருக்கு முறைப்பாடு எதுவும் இல்லை என்று எழுதி, டொக்டர் ஆரூரன் விசாரணையை முடித்தார்.