கோபமே வராதவர்

தன் மரணச் செய்தியைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி மணியடிப்பவர் சபைப் பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

ஆசிரியரம்மா நிமிர்ந்து பார்த்தார். பேனா கை நழுவிக் கீழே விழுந்தது.

அந்த அம்மாவைப் பிடித்து உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரும் காலமானவர்தான்.

பிறகு அவர் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தை விரித்தார். 'நாம் அறியாத விசுவாசிகள்'. யார் கண்ணிலும் படாமல் ஊழியம் செய்து மறைந்தவர்களைப் பற்றி ஆசிரியரம்மா மாதாமாதம் எழுதும் அரைப் பக்க வாழ்க்கை வரலாறு. இந்த மாதம் இவர். முப்பது வருடமாக ஞாயிறுதோறும் ஆலய மணி அடித்தவர்.

"செத்துட்டேன்னு போட்டது இருக்கட்டும்மா. கோபமே வராத மனுஷன்னு போட்டிருக்கீங்களே, முதல்ல அதை எடுங்க."

மகள் வீட்டிலிருந்து திரும்பி மூன்று நாள்தான் ஆகிறதாம். அதற்குள் பிழைப்பு நாறிவிட்டதாம்.

காபி ஆறியிருக்கிறதே என்று புருவத்தைத் தூக்கினால் போதும், மனைவி பத்திரிகையை எடுத்து இரண்டாவது பத்தியை ராகம் போட்டு வாசிக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் இவர் வாசலை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு, உங்களுக்குத்தான் கோபமே வராதே என்று சிரித்துக்கொண்டே போகிறார்.

ஆசிரியரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். உயிரோடிருப்பதை அடுத்த இதழில் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கோப விஷயம், தகவல் தந்தவர் அடித்துச் சொன்னது.

யார் அந்த ஆள் என்று மணியடிப்பவர் கேட்டார். குரல் ஏறியிருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மணி வேறு யாரோ அடிப்பதுபோல் கேட்கிறதே என்று ஒருவர் பதறி ஓடி வந்தார். ஆலய வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவர், அவர் போயிட்டாரே, ஒரு வாரமாச்சே என்றிருக்கிறார். மகள் வீட்டுக்கு என்பதைச் சொல்லவில்லை. வந்தவர் மணியடிப்பவரின் வீட்டுக்கு ஓடினார். பூட்டியிருந்தது.

நேரே இங்கே வந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாராம். காய்ச்சலில் கிடந்த தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தது. முதல் சம்பளத்தில் தனக்குச் செருப்பு வாங்கித் தந்தது. ஒருநாள்கூடத் தன்னிடம் முகம் சுளித்ததில்லை என்பது.

செருப்பு என்றதுமே அது தன் தம்பி என்று மணியடிப்பவருக்குத் தெரிந்துவிட்டது.

அப்பாவின் தையல் மிஷின் யாருக்கு என்ற சண்டையில், அந்தத் தம்பியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவர் அவர்தான். பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

எந்த வரியையும் எடுக்க வேண்டாம் என்றார். மறுப்பும் போட வேண்டாமாம்.

"உயிரோட இருக்கேன்னு அவன்கிட்ட நானே போய்ச் சொல்லிக்கிறேன்."