பயில்வானுக்கு முழங்கால் வலி

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டர். நான் சொன்னா இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடுறா."

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. தையல் கடையில் பாதி வேலையில் எழுந்து ஓடி வந்தவள். அளவு நாடா இன்னும் கழுத்திலேயே தொங்கியது. பக்கத்து நாற்காலியில் அவளுடைய பதினொரு வயது மகள், வலது முழங்காலைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பண்ணினா?" என்றார் குழந்தைகளுக்கான எலும்பு டாக்டர். நரைத்த தலை, எந்நேரமும் சிரிக்கத் தயாராக இருக்கிற முகம்.

"நாலு மாசம் முன்னாடி, ஒத்தாசை பண்றேன்னு தண்ணிக் கேனைத் தூக்க வந்தா. 'வேணாம்டி, வளர்ற வயசுல கனம் தூக்கினா மூட்டு தேஞ்சிடும், குள்ளமாவே நின்னுடுவே'ன்னேன். அவ்வளவுதான். அன்னையிலேருந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டுத் தினமும் கேனைத் தூக்கித் தூக்கி இறக்கியிருக்கா! எனக்குத் தெரியவே தெரியாது. இன்னைக்குக் கேன் நழுவி முட்டியில இடிச்சப்பதான் குட்டு வெளிப்பட்டுது."

"வேணாம்னா அதைத்தான் செய்வியோ?" டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "எத்தனை லிட்டர் கேன்?"

"அஞ்சு."

"ஒண்ணா?"

"மொதல்ல ஒண்ணு. இப்போ கைக்கு ஒண்ணு."

"அடேயப்பா! பயில்வான் மேடமா? தெரியாமப் போச்சே. எழுந்து நின்னு வணக்கம் சொல்லியிருப்பேன்."

பெண் சிரிக்கவில்லை. டாக்டர் அவளைக் கட்டிலில் ஏற்றி, முழங்காலை மடக்கினார், நீட்டினார், கட்டை விரலால் அங்கங்கே அழுத்தினார்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"லேசான வீக்கம்தான். எலும்புக்கு ஒண்ணுமில்லை. நாலு நாள்ல நாய்க்குட்டி மாதிரி ஓடுவா."

"நல்லாப் பார்த்தீங்களா டாக்டர்? மூட்டு? உள்ள ஏதாவது..." அம்மாவின் குரல் உடைந்தது. "என்னைச் சொல்லணும். கூடவே இருந்து கவனிச்சிருக்கணும்."

"என்னம்மா இது, முட்டி இடிச்சதுக்குப் போய் அழறீங்க? முட்டியில காயம் படாம வளர்ந்த பிள்ளை உலகத்துல உண்டா?"

"உங்களுக்குத் தெரியாது டாக்டர்" என்று தொடங்கிய அம்மா, நாடாவைக் கழுத்திலிருந்து இழுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

டாக்டர் பேச்சை மாற்றினார். "வீட்டுல வேற யாரு இருக்கா பயில்வான்?"

"அண்ணன்." அம்மா வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"உன்னை விட உயரமா?"

"ஆமா." முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"ஓகோ! அவனை மல்லுக்கட்டி ஜெயிக்கத்தான் இத்தனை பயிற்சியா?"

அவள் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் ஒரு தாளை எடுத்து, பேனாவால் ஒரு எலும்பை வரைந்தார்.

"ரெண்டு பேரும் கேளுங்க. எலும்போட நுனியில, வளர்றதுக்குன்னே இப்படி மெத்துனு ஒரு பகுதி இருக்கும். தாங்காத கனத்தைத் தூக்கினாலோ, தப்பான முறையில தூக்கினாலோ, மேல போட்டுக்கிட்டாலோ அங்க அடிபடலாம். அதனால கதவைச் சாத்திக்கிட்டுத் திருட்டுத்தனமாத் தூக்குறது இன்னையோட சரி. ஆனா கனம் கம்மியா, சொல்லித்தர ஒரு ஆளை வெச்சுக்கிட்டு, வாரத்துல ரெண்டு நாள் செஞ்சா, வளர்ற மூட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லை. பலம்தான். குள்ளமாயிடுவாங்கன்னு சொல்றது வெறும் கட்டுக்கதை."

"கட்டுக்கதையா?" பெண் நிமிர்ந்தாள்.

"ஆமாம்."

"தினமும் இருபது தடவை தூக்கினாக் கூடவா?"

"தூக்கினதுக்காக யாரோட வளர்த்தியும் நின்னுடாது கண்ணு. பயந்துட்டியா? வா, அளந்தே காட்டிடறேன்."

அவளைச் சுவரோரம் நிற்க வைத்து, அளவுக் கம்பியின் தட்டைத் தலைக்கு மேல் இறக்கினார். "குதிகாலைத் தூக்காதே... அட, முட்டியை ஏன் மடக்குறே? நேரா நில்லு. நூத்தி நாப்பத்தி ஒண்ணு! பள்ளிக்கூடத்துல அளந்த அட்டை இருக்காம்மா?"

அம்மா பையைத் துழாவி அட்டையை எடுத்து நீட்டினாள்.

"நாலு மாசம் முன்னாடி நூத்தி முப்பத்தி ஒம்போது. ரெண்டு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கா உங்க பொண்ணு. இனிமே நிம்மதியாத் தூங்குங்க."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த அறைக்குள் வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

பெண் சுவரில் சாய்ந்தபடியே சரிந்து, தரையில் உட்கார்ந்து, தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஏண்டி, வலிக்குதா? எங்கே வலிக்குது, சொல்லு" என்று பதறி ஓடி வந்தாள் அம்மா. டாக்டரும் அவள் எதிரே மண்டியிட்டார்.

"வளரக் கூடாதுன்னுதான் தூக்கினேன் டாக்டர்" என்றாள் பெண். "இன்னும் ஒரு சென்டிமீட்டர்தான் பாக்கி. அண்ணன் செத்துப்போயிட்டான், இனிமே அவன் வளர மாட்டான். நான் அவனை விடப் பெரிசாயிட்டா, அவன் எனக்குத் தம்பியாயிடுவானே..."