செவ்வாய்க்கிழமைத் தேர்வு

லைல் உதைத்த பந்து மேகத்துக்குள் கொஞ்ச நேரம் தங்கிவிட்டு வந்ததுபோல், தரையைத் தொட ஐந்து விநாடி ஆனது.

"யப்பா, காலா அது? இன்னொண்ணு விடு!" என்றார் கோச் ஓர்ட்மன்.

அமெரிக்கக் கால்பந்தில், அணி முன்னேற முடியாமல் தவிக்கும்போது பந்தை இப்படித் தூர உதைத்துத் தள்ள, ஒவ்வோர் அணியிலும் ஒரே ஒருவன்தான். அந்த ஓர் இடத்துக்காகத்தான் லைல், நெப்ராஸ்காவில் மாட்டுத்தீவனக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு விமானம் ஏறி வந்திருந்தான். வயது முப்பத்தொன்று. மூன்று வருடமாக எந்த அணியும் அவனை எடுக்கவில்லை.

பதினைந்து பந்துகள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"இந்த வருஷம் நான் பாத்ததுலயே நீதான்பா டாப்," என்று தோளில் தட்டினார் கோச்.

"அப்ப எங்க கையெழுத்துப் போடணும், கோச்? சொன்னா என் பொண்டாட்டி இப்பவே பெட்டி கட்டிடுவா."

கோச் மாடி ஜன்னலைக் காட்டினார். அணியின் இப்போதைய உதைப்பாளன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, முகம் வெளிறி நின்றிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை மேட்ச்ல ரெண்டு பந்தைச் சொதப்பிட்டான். கொஞ்சம் பயம் காட்டலாம்னுதான் உன்னைக் கூப்பிட்டோம். அவனை மாத்துற எண்ணமெல்லாம் இல்ல."

"அதுக்கு நான்தானா கிடைச்சேன்?"

"சுமாரா உதைக்கிறவனைப் பாத்து எவன் பயப்படுவான்? அதான் எல்லா அணிக்காரனும் உன்னையே கூப்பிடுறான்."

இந்த வருடம் போய்வந்த ஆறு மைதானங்களும், ஆறிலும் கிடைத்த பாராட்டும் லைலுக்கு நினைவு வந்தன.

"அடுத்த செவ்வாயும் வர்றியா?"

"வர்றேன், கோச்."