மாவுக்கை

அதிகாரிகள் வந்து ஜெபக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் போன பிறகு, ஞாயிறு ஆராதனை ஜெபக்கனியின் அடுக்களையில் நடந்தது. பாட்டுச் சத்தம் பக்கத்து வீட்டுப் பகவதிக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அவள் கிரைண்டரில் இட்லிக்குப் போட்டுவிடுவாள். கல் சுற்றும்வரை பாடலாம். யார் போய் யாரிடம் சொல்வார்கள் என்று தெரியாத காலம். வாராவாரம் இவ்வளவு மாவு எதற்கென்று பகவதி கேட்காமலிருக்க, அவளுக்கும் ஒரு தூக்குச்சட்டி போகும். அன்று பாதிப் பாட்டில் கரண்டு போனது. கிரைண்டரோடு எல்லா வாயும் நின்றது. காது மந்தமான மாமனார் அருமைநாயகம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த ஈரக் கையால் ஜெபக்கனி அவர் வாயைப் பொத்தினாள். அவர் கையை விலக்கவில்லை. உள்ளங்கைக்குள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்து, அந்தச் சரணத்தை முடித்த பிறகுதான் ஓய்ந்தன. கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் பகவதி நின்றாள். “மாவு இன்னும் அரைபடல பகவதி, கரண்டு போயிட்டு” என்றாள் ஜெபக்கனி. “மாவுக்கு என்னக்கா அவசரம். பாட்டு பாதியில நின்னுட்டே, யாருக்கும் மேலுக்கு முடியலயோன்னு பாக்க வந்தேன்” என்றபடி பகவதி உள்ளே எட்டிப் பார்த்தாள். அருமைநாயகத்தின் கன்னத்தில் ஐந்து விரல்களும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. ஜெபக்கனி கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். கரண்டு வந்தது. கிரைண்டர் சுற்றுவதைக் கண்ட அருமைநாயகம் முகத்தைக்கூடத் துடைக்காமல் மருமகளிடம் மெல்லக் கேட்டார்: “இனி பாடலாமா தாயி?”