விரிப்புக்கு அடியில்

பிக்கப் வண்டியின் பின்தளத்தில், போன வருஷம் செத்துப்போன நாய் டஸ்டியின் நகக்கீறல்கள் இருந்தன. சின்ன வீடு போன்ற கேம்பரை ஏற்றினால் அவை தேய்ந்துபோகுமே என்று வெர்னாவுக்குக் கவலை.

"நாய் கீறினப்போ திட்டினவளே நீதானே" என்று சிரித்த கணவன் ஹாலிஸ், தடித்த ரப்பர் விரிப்பைத் தானே விரித்தான்.

வயோமிங் மலைகளைச் சுற்றிவிட்டு வீடு திரும்பியதும் கேம்பரை ஜாக்கிகளில் தூக்கி நிறுத்தி, அடியிலிருந்து வண்டியை ஓட்டி வெளியே எடுத்தார்கள். விரிப்பைச் சுருட்டினார்கள். பழைய கீறல்கள் அப்படியே இருந்தன. அவற்றிலிருந்து அதே மாதிரியான புதிய நகக்கீறல்கள் பின்கதவுவரை நீண்டிருந்தன. அவற்றுக்குள் இன்னும் துருவேறாத தகரம் பளபளத்தது. விரிப்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

"கல்லு ஏதாவது சிக்கியிருக்கும்" என்ற ஹாலிஸ், குழப்பத்தோடு பின்கதவை மூடப் போனான்.

"இரு ஹாலிஸ்" என்றாள் வெர்னா. "கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும்."