பூனை படுக்கும் சுவர்

சிலோயே தீவின் மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருக்கிறது. மாடியில் எடித்தா மூச்சைப் பிடித்தபடி பூனையையே பார்த்து நிற்கிறாள். இரண்டு படுக்கையறைகளுக்கு நடுவே புகைபோக்கி ஏறுகிறது. அதை ஒட்டிய பலகைச் சுவரில்தான் பூனை குளிர்காலமெல்லாம் முதுகைச் சாய்த்துத் தூங்கியது. போன வாரம் மேஸ்திரி ரோசமெல் அந்தப் பலகையைப் பெயர்த்தபோது, புகைபோக்கியின் சூட்டில் பின்பக்கம் முழுக்கக் கருகிக் கரியாக இருந்தது. இப்போது அந்தப் பக்கத்துச் செங்கல், உள்ளே இறக்கிய எஃகுக் குழாய், பலகை எல்லாமே புதிது. மறுபக்கச் சுவர் நன்றாக இருக்கிறது, திறக்க வேண்டாம் என்றுவிட்டார் மேஸ்திரி. கீழே சமையலறையில் முதல் நெருப்பு பிடித்து, இரும்பு அடுப்பு டக் டக்கென்று சூடேறுகிறது.

“என்னம்மா, உங்க இன்ஸ்பெக்டர் என்ன சொல்றாரு?” கீழிருந்து மேஸ்திரி கத்துகிறார்.

“சும்மா இருங்க மேஸ்திரி, இன்னும் படுக்கல.”

பூனை பழைய இடத்தை முகர்கிறது. முதுகைத் தேய்த்துப் பார்க்கிறது, பிடிக்காமல் வாலை உதறுகிறது. எடித்தா மண்டியிட்டு உள்ளங்கையை வைக்கிறாள். சில்லென்றிருக்கிறது.

“குளுந்து கெடக்கு!” அவள் குரலில் சிரிப்பு எட்டிப் பார்க்கிறது.

“நான்தான் சொன்னேனே! இன்னும் ரெண்டு கட்டை வைக்கிறேன்.”

பூனை அதற்குள் எதிர் அறைக்குள் நுழைந்துவிட்டது. எடித்தாவும் பின்னாலேயே போகிறாள். அங்கே காய்ச்சலில் மகள் தமாரா தூங்குகிறாள். பூனை கட்டிலில் ஏறி, தலைமாட்டுச் சுவரோடு முதுகை ஒட்டிப் படுத்துக் கண்ணை மூடுகிறது. புகைபோக்கியின் மறுபக்கம் அது. எடித்தா சுவரைத் தொடுகிறாள். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறாள். கீழே அடுப்புக் கதவு கிறீச்சிட்டுத் திறக்கிறது.

“வைக்காதீங்க! அடுப்ப அணைங்க!”

போர்வையோடு மகளை வாரி எடுக்கிறாள். பூனை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.