கோட்டைச் சுவரில் ஒரு புத்தர்

ஜப்பானில் ஒரு பிரபு அவசர அவசரமாகக் கோட்டை கட்டினான். மலையில் கல்லுக்கா பஞ்சம்? வெட்டி எடுக்கத்தான் நேரமில்லை. அதனால் வீரர்கள் ஊருக்குள் இறங்கி, கோயிலிலிருந்த கல் புத்தரையும் யார் வீட்டிலோ மாவரைத்துக்கொண்டிருந்த திரிகையையும் தூக்கிவந்து சுவரில் பதித்தார்கள். புத்தரைத் தலைகீழாக வைத்துவிட்டார்கள்.

புத்தருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சண்டை வேண்டாம் என்று சொல்வதற்காகவே உட்கார்ந்திருந்தவன் நான். சண்டைக்கு முட்டுக்கொடுக்க என்னையே வைத்திருக்கிறார்களே, இது அடுக்குமா?"

"என்னை மட்டும் கேட்டுவிட்டா தூக்கினார்கள்? பேசாமல் இருங்கள் சாமி," என்றது பக்கத்திலிருந்த திரிகை.

எதிரிப் படை வந்தது. துப்பாக்கிக் குண்டு புத்தரின் மூக்கைப் பெயர்த்தது. சுவர் அசையவில்லை, வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

பிரபு சுவரடியில் நின்று, கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டான். "எல்லாம் புத்தர் அருள். கோயிலுக்குப் புதுச் சிலை செய்து வையுங்கள். அடுத்த வருஷம் சுவரை இன்னும் உயர்த்த வேண்டும்."

சில மாதம் கழித்து, பட்டுப் போர்த்திய புதுச் சிலை மாட்டுவண்டியில் சுவரோரமாகப் போனது.

"தம்பி," என்று கூப்பிட்டார் மூக்கில்லாத புத்தர். "போனதும் முதல் வேலையாகத் தலைகீழாக நிற்கப் பழகிக்கொள்."